தழையாற்றுத் துறையில் கவிழ்ந்த சீர்க்குடம்

நீர் தெளிக. குடி தழைக்க.

வெண்கோட்டு நாட்டின் செங்கோலையும், தழையாற்றின் தென்கரைத் துறைகளின் காவலையும், மறைந்த எம் தலைவர் நெடுங்கோட்டு வேந்தரின் முத்திரை மோதிரத்தையும் தாங்கி ஆளும் மலையமங்கைத் தேவியாகிய யாம், தழையாற்றின் வடகரை தொடங்கி உப்பளக் கடற்கரை வரை ஆணை செல்லும் கருங்கழி நாட்டு வேந்தரும், வேங்கைமூதூர்க் கோட்டைக்கு உரியவரும், யாம் பிறந்த குடியின் கொடியை ஏந்தியவரும், எமக்கு இளவலுமாகிய வேங்கையதிரர் திருமுன் வாசிக்கும்படி விடுக்கும் திருமுகம். தங்கள் நெற்களங்கள் நிறைக. தங்கள் ஆநிரை பெருகுக. தங்கள் நகரில் எந்தத் தொட்டிலும் வெறுமையாகாதிருக்க.

தங்கள் தூதர் கொணர்ந்த ஓலையை அவை நடுவே வாசிக்கக் கேட்டோம். புதுப்புனல் நாளில் தாங்கள் அனுப்பிய சீர்க்குடத்தை எம் நாட்டு நலக்காவல் தலைவி அமரநங்கை துறை மணலில் கவிழ்த்தாள் என்றும், பிறந்தகத்து நீரை மண்ணில் கொட்டியது உறவைக் கொட்டியதற்குச் சமம் என்றும், அவளைச் சிறைப்பிடித்துக் கோட்டையில் வைத்திருப்பதாகவும், முழுநிலவுக்கு மறுநாள் காலைக்குள் யாமே துறைக்கு வந்து இரண்டாவது குடத்தை இரு கையாலும் ஏற்று எம் ஊர்க் குளத்தில் கலக்காவிடில் அவள் தலை விழும் என்றும், அதன்பின் தங்கள் யானைப்படை ஆற்றைக் கடக்கும் என்றும் அதில் கண்டிருந்தது. எழுத்து பெருமந்திரி கோளரியாருடையது, சினம் தங்களுடையது. இரண்டையும் யாம் அடையாளம் அறிவோம்.

குடம் கவிழ்ந்தது உண்மை. கவிழ்த்தது அவள் கை. கவிழ்க்கச் சொன்னது எம் ஆணை. காய்ச்சாத அயல்நீர் எதுவும், அது எவர் வீட்டு நீராயினும், எம் குடிநீர்க் குளத்தில் கலக்கலாகாது என்று முரசறைவித்தவர் யாம். தலை கேட்பதானால் உரிய தலையைக் கேட்பதே வேந்தர்க்கு அழகு.

இவ்வளவும் எம் ஓலைநாயகம் வகுத்த நடை. இனி நான் சொல்வதைச் சொல்லியவாறே கீறும்படி அவரிடம் கூறிவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும். முழுநிலவு நாளைக்கு, நயம் பார்த்துச் சொல் தேட எனக்கு நேரமில்லை. தம்பி, கேள்.

துறையில் நடந்ததை உன் வீரர்கள் உனக்கு எப்படிச் சொன்னார்களோ அறியேன். எனக்குச் சொன்னவன் அந்தக் குடத்தைத் தலையில் சுமந்து வந்த பொறையன், உன் குயவர் தெருக்காரன். உன் வீரர்கள் எங்கள் கரையில் போட்டுவிட்டுப் போனார்களே, அதே ஆள்தான்.

தெப்பம் கரையேறியபோது அமரநங்கை மாலையோடுதான் காத்திருந்தாள். கரையில் அடுப்பு மூட்டி வைத்திருந்தாள். சீர்நீரை அங்கேயே ஒருமுறை கொதிக்க வைத்து ஆற்றி, அதே குடத்தில் ஊற்றி, அதே முரசு முழங்க ஊருக்குள் எடுத்துச் செல்லலாம் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டாள். சீர்நீரில் நெருப்புப் படலாகாது என்பது நம் குடி வழக்கம் என்று உன் காவற்படைத் தலைவன் மறுத்தான். அப்படியானால் அரசிக்கு ஆள் அனுப்புகிறேன், அதுவரை குடம் கரையிலேயே இருக்கட்டும் என்றாள். அந்தப் பேச்சு நடக்கும்போதே பொறையன் குடத்தோடு மணலில் குந்திவிட்டான். கண் குழிந்து, விரல்நுனி நெடுநேரம் நீரில் ஊறியதுபோல் சுருங்கி, அரையாடை நனைந்திருந்தது. தெப்பம் ஏறுமுன்பே நாணலுக்குள் பலமுறை ஒதுங்கியிருக்கிறான். உன் படைத்தலைவனுக்கு அது களைப்பாகத் தெரிந்தது. அவளுக்கு அது என்னவென்று தெரிந்தது.

குடத்தை வேறொருவன் தலையில் ஏற்றி நேரே குளத்துக்கு ஓடச் சொல்லி அவன் கட்டளையிட்டபோதுதான் அவள் குறுக்கே விழுந்து குடத்தைப் பற்றிக் கவிழ்த்தாள். வாள்களை உருவிய பின்னும் அவள் விலகவில்லை. அவளைத் தெப்பத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உன் வீரர்கள் திரும்பிவிட்டார்கள். குடம் சுமந்தவனை யாரும் தொடவில்லை.

அவள் பழக்கி வைத்த பெண்கள் அவனைத் தூக்கிச் சென்றார்கள். உப்பும் வெல்லமும் கலந்த கஞ்சித்தெளிவை அவன் வாயில் கரண்டி கரண்டியாக விட்டுக்கொண்டே இருந்தார்கள். பிழைத்துக்கொண்டான். கண் திறந்தவுடன் தன் மகனைக் கேட்டான். அதன்பின் அவன் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் மகனுக்கு வாந்தியும் பேதியும் கண்டிருந்தது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை, இவ்வாண்டு குடமெடுக்கும் முறை உனதே என்று கோளரியாரின் ஆள் வந்து அழைத்திருக்கிறான். முறை என்ன என்பதை நீ அறிவாய். குடமெடுப்பவன் உடுத்திய துணியோடு பேரல்லிக் குளத்தில் மூழ்கி, ஈரம் சொட்டச் சொட்ட, மூழ்கிய அதே படியில் நீர் முகக்க வேண்டும். துணி மாற்றினால் நோன்பு கெடும். பிள்ளையை ஏந்தியிருந்த துணியோடுதான் பொறையன் மூழ்கினான், தம்பி. அந்தப் படியில்தான் முகந்தான். அந்தக் குளத்தைத்தான் உன் கோட்டை முழுவதும் குடிக்கிறது. இதில் எவரும் தீங்கு நினைக்கவில்லை; எல்லாரும் முறை வழுவாமல், கைகூப்பிச் செய்தார்கள். எனக்கு நடுக்கம் தருவது அதுவே.

அவன் புறப்படும்போதே குயவர் தெருவில் பல வீடுகளில் படுத்திருந்தார்கள். புதுப்புனல் நாளில் நோய்ப்பேச்சு எடுப்பது அபசகுனம் என்று கோளரியார் அவ்வீடுகளின் கதவைச் சாத்தி வைக்கச் சொல்லியிருக்கிறார். உன் காதுக்கு அது வந்திருக்காது. நல்ல செய்தியை மட்டும் கேட்கும் காதுகளாக உன் காதுகளை அவர் வளர்த்து வைத்திருக்கிறார். நம் அம்மா விடிந்ததும் அதே குளத்து நீரில்தான் வாய் நனைக்கிறாள். நீ குடிப்பதும் அதுதான். துறையில் நிற்கும் உன் படைக்குத் தோற்பையில் வந்து சேர்வதும் அதுதான். எனக்கு அச்சமாக இருக்கிறது. அரசி அஞ்சுகிறேன் என்று எழுதலாமா என்று ஓலைநாயகம் எழுத்தாணியை நிறுத்தினார். எழுதச் சொன்னேன்.

இன்று காலை எங்கள் படைத்தலைவர் வல்லங்கிழார் அவையில் ஒரு யோசனை சொன்னார். வில்லெடுக்கத் தேவையில்லை, துறையை அடைத்துக் காத்திருந்தால் போதும், எதிரியை அவன் குளமே முடித்துவிடும் என்றார். அவர் கணக்கில் பிழையில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் பிறந்தகம் தாகத்தில் நா வறண்டு சாவதை என் வெற்றியென்று கல்லில் வெட்டி வைக்க வேண்டுமா என்று கேட்டு, அவரை அவையைவிட்டு எழுந்து போகச் சொன்னேன். எங்கள் கரையில் ஒரு நாணும் ஏற்றப்படவில்லை. நீ வேண்டுமானால் ஆள் விட்டுப் பார்த்துக்கொள்.

உன் அவையில் அமரநங்கையைக் குடத்தரசி என்று சொல்லிச் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். இங்கேயும் சிரிப்பில்தான் தொடங்கியது. என் தலைவர் இதே நோயில் மறைந்த ஆண்டை நீ மறந்திருக்க மாட்டாய். பாடை தாங்கிய தோள்களில் உன் தோளும் ஒன்று. நெல் முற்றி நின்றது, அறுக்க ஆளில்லை. ஊரில் அழுகை ஓய்ந்தபின் மருத்துவர்களைக் கூட்டிக் கேட்டேன். எல்லாரும் ஆளுக்கொரு மருந்தின் பெயரைச் சொன்னார்கள். அரண்மனை மருத்துவக் குடியில் பிறந்து, எல்லாரையும்விட நன்றாகக் கற்ற அமரநங்கை மட்டும், மருந்துப் பெட்டியைத் திறக்குமுன் அரசியார் குளக்கரைக்கு வந்து பார்க்க வேண்டும் என்றாள். போனேன். ஒரே படித்துறையில் எருமை குளித்தது, நோயாளியின் பாயை அலசினார்கள், அடுத்த படியில் பெண்கள் குடத்தை அமிழ்த்தினார்கள். அத்தனை ஆண்டு அந்தக் குளத்தைப் பல்லக்கிலிருந்து பார்த்து அழகென்று சொன்னவள் நான்.

குடிக்கும் நீருக்குத் தனிக் குளம் ஒதுக்கி வேலியிட்டாள். மலக்குழிகளைக் கிணறுகளிலிருந்து தள்ளித் தோண்டுவித்துச் சுண்ணாம்பு இடச் செய்தாள். சத்திரங்களில் காய்ச்சி ஆறிய நீரே வைக்க வேண்டும் என்றாள். கிணற்றுக்கு ஒரே தோண்டி, அதற்கு ஒரே கயிறு, அவரவர் வீட்டுக் குடத்தை உள்ளே இறக்கலாகாது என்றபோதுதான் ஊர் கொதித்தது. எல்லாத் தெருவுக்கும் ஒரே தோண்டியா என்று பெருங்குடியினர் என் வாசலில் வந்து நின்றார்கள். சாவு தெரு பார்த்தா வந்தது என்று கேட்டு அனுப்பினேன். உப்பு வணிகர் தெருவில் கோடியம்மை என்றொருத்தி, தன் குடத்தைத் தடுத்த கிணற்றுக் காவலனைத் துடைப்பத்தால் விரட்டி விரட்டி அடித்தாள். இன்று அந்தக் கிணற்றுக்குக் காவல் அவள்தான். துடைப்பமும் அதேதான். அவளைத் தாண்டி நானே ஒரு செம்பு இறக்கிவிட முடியாது.

சென்ற கோடையில் உப்பு வண்டிகளோடு நோய் மறுபடி வந்தது. உப்பு வணிகர் தெருவில் முதல் ஆள் படுத்த அன்றே தெருக்காவலர் சொல்லி அனுப்பினார்கள். கிணறு மூடப்பட்டது, காய்ச்சிய நீர் வண்டியில் போயிற்று, படுத்தவர்களுக்கு உப்புக்கஞ்சி கொடுக்க ஆள் உட்கார்ந்தது. சில வீடுகளில் இழவு விழுந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அது அந்தத் தெருவோடு நின்றுவிட்டது. அடுத்த தெருவில் தறி ஓடியது, சந்தை கூடியது, நாள் குறித்த திருமணம் ஒன்றுகூடத் தள்ளிப்போகவில்லை. நேராத சாவுக்கு எவரும் நன்றி சொல்வதில்லை. அதனால்தான் அவள் வேலை உன் அவைக்கு வேடிக்கையாகத் தெரிகிறது. இவ்வாண்டு எங்கள் வயல்களில் அறுவடை குறித்த பருவத்தில் முடிந்தது. எங்கள் களஞ்சியம் நிறைந்திருப்பதற்கு வல்லங்கிழாரின் படை காரணமில்லை.

ஆகவே இரண்டாவது குடத்தை நான் ஏற்க மாட்டேன். நீ யானைகளை இறக்கினாலும் ஏற்க மாட்டேன். பிறந்தகத்து நீரை வெறுத்தவள் என்று என்னைச் சொல்லாதே. அந்த நீர் நல்லபடி இருக்க வேண்டும் என்று இந்த நாட்டில் என்னைவிட அதிகம் கவலைப்படுபவர் இல்லை. உன் நகரில் நோய் ஓய்ந்த பிறகு நானே காலில் செருப்பின்றி வருகிறேன். பேரல்லிக் குளத்தின் படியிறங்கி, உன் குடிமக்கள் பார்க்க, ஒரு கை அள்ளிக் குடிக்கிறேன்.

வேந்தரை வெண்கோட்டு அரசியாக வேண்டிக்கொள்ளத்தான் எனக்கு உரிமை. அக்காளாகத் தம்பிக்கு ஆணையிடவும் உரிமை உண்டு. அந்த உரிமையில் ஆணையிடுகிறேன். இந்த ஓலை கைக்கு வந்ததும் வேறெதையும் கேட்குமுன் குளத்துப் படிகளை அடைத்துவிடு. அம்மாவுக்குக் காய்ச்சிய நீர் தவிர வேறு கொடுக்காதே. மறுப்பாள், நான் சொன்னதாகச் சொல். படையைத் துறையிலிருந்து திருப்பி, விறகு வெட்டவும் கிணறு தோண்டவும் அனுப்பு. குயவர் தெருவைக் கொளுத்தலாம் என்று கோளரியார் சொல்லக்கூடும். அந்தத் தெருவின் கதவுகளைத் திறந்து கஞ்சி அனுப்பு. இந்த ஓலையைக் கொண்டு வருபவன் பொறையன். தன் மகன் இருக்கிறானா இல்லையா என்று அறியாமல் வருகிறான். அவன்மேல் எவரும் கைநீட்டலாகாது, வீட்டுக்கு அனுப்பு.

சிறைக்கதவைத் திற. திறந்தபின் அமரநங்கையை என்னிடம் திருப்பி அனுப்பாதே. இந்தத் திருமுகத்தின் கடைசி ஏடு அவளுக்கு உரியது. நீ படிக்கலாம், ஆனால் அவள் கையில் சேர்க்க வேண்டும்.

நலக்காவல் தலைவி அமரநங்கைக்கு அரசியின் ஆணை. நீ துறையில் செய்தது சரி. வேங்கைமூதூர் வேந்தர் கதவைத் திறந்ததும் நேரே பேரல்லிக் குளத்துக்குப் போ. உன்னைக் கட்டி இழுத்தவர்கள், உனக்குத் தண்டனை சொன்னவர்கள், சிரித்தவர்கள், எவர் படுத்திருந்தாலும் முதலில் கண்ணில் பட்டவருக்கு முதலில் கஞ்சி கொடு. நான் உன்னை மீட்க முயலவில்லை என்று நினைக்காதே. உன்னை மீட்டுக்கொண்டால் அவர்களை மீட்க ஆளில்லை. உன் மகள் எனக்கு அருகில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நான் இதைச் சொல்லச் சொல்ல முழுவதையும் கேட்டுவிட்டாள். அம்மா எப்போது வருவாள் என்று கேட்டாள். அந்த ஊரில் புதிதாக ஒருவரும் படுக்காத நாளில் புறப்படுவாள் என்று சொல்லியிருக்கிறேன். என் வாக்கைக் காப்பாற்று.

நெடுங்கோட்டு வேந்தரின் மோதிரத்தால் அரக்கில் இட்ட முத்திரை இது. மலையமங்கைத் தேவி தன் கையால் இட்டது. மன்னர் படிக்குமுன் இதை வேறெவர் உடைத்தாலும், அவர் கோளரியாரே ஆனாலும், பிறகு அவ்வூரில் விழும் ஒவ்வொரு சாவும் அவர் கணக்கில் எழுதப்படுக.

கதவைத் திற, தம்பி.