அம்மா குடித்த இளநீர்

அன்பு மகள் வேல்விழிக்கு நாரணாபுரத்திலிருந்து அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நொய்டாவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையுமில்லை, உன் அம்மாவும் எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். போன் இருக்க லெட்டர் எதற்கு என்பாய். போன் பேசினால் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்கிறாள், அப்புறம் என் குற்றத்தை நான் எப்படிச் சொல்வது.

போன வாரம் அம்மா இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தது சும்மா செக்கப்புக்கு என்று சொன்னேனே, அது பொய். தை மாதமே கிட்னி டாக்டரம்மா அவள் ரத்தத்தைப் பார்த்துவிட்டு பொட்டாசியம் ஏறுது, கவனமா இருங்க என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிற ரூமில் இருபத்தாறு வருஷமாக அதோடுதானே தாயி குடித்தனம் நடத்துகிறேன், வெடியுப்பு மூட்டையில் அந்தப் பேர்தானே போட்டிருக்கிறது. என் சட்டையில் ஒட்டிவந்துதான் இவள் உடம்பில் ஏறிவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அன்று முதல் கம்பெனியிலேயே குளியல், மாற்று வேட்டி, வேலைச் சட்டை வீட்டுப் பக்கமே வராது. பக்கத்து வீட்டு ராக்காயி மதினி, என்ன போர்மேன், புதுமாப்பிள்ளை கணக்கா வாரீக என்று கேலி பண்ணினாள்.

சரி, உள்ளே போனதைக் கழுவி வெளியேற்ற வேண்டுமே. அதற்கு இளநீரை விட்டால் வேறு எது. தினமும் சாயங்காலம் ஒன்று சீவி வாங்கி, தூக்குவாளியில் கொண்டுவந்து நீட்டுவேன், அவளும் மறுபேச்சு இல்லாமல் குடிப்பாள். மூன்று வாரம் ஓடியது. ஒரு நாள் காலையில் கை கால் துவண்டு, நெஞ்சு ஒழுங்கில்லாமல் அடிக்கிறது என்று படுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் நர்சுகள் ஓடின ஓட்டத்தைப் பார்த்து எனக்கு உயிரே இல்லை. பொட்டாசியம் கொஞ்சம் இறங்கினபிறகு, என்ன குடிக்கக் கொடுக்கிறீங்க என்று டாக்டரம்மா கேட்டார். மெடல் வாங்கப் போகிறவன் மாதிரி நிமிர்ந்து நின்று, தெனம் இளநீர் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இளநீரில்தான் பொட்டாசியம் கொட்டிக் கிடக்கிறதாம், என் சட்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம். இனி இளநீர், பழச்சாறு, வாழைத்தண்டுச் சாறு, கறுப்பாக வருகிற கலர் சோடா, உப்பு மோர் எதுவும் ஆகாது. பச்சைத் தண்ணீர்தான், கால் வீக்கம் இருப்பதால் அதுவும் நாளுக்கு ஒரு லிட்டர், காலையில் குடிக்கிற சின்ன டம்ளர் காப்பியும் அதில் சேர்த்தி. இது இவங்க உடம்புக்கு மட்டும், தெருவுக்கெல்லாம் வைத்தியம் சொல்லக் கூடாது என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஆளை நன்றாகத்தான் எடை போட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து மாத்திரைச் சீட்டைத் தேடினால் அவள் துணிகளுக்கு அடியில் இன்னொரு தாள். தை மாதமே டாக்டரம்மா அவள் கையில் கொடுத்தது. குடிக்கக் கூடாதவை, முதல் வரியே இளநீர். தெரிஞ்சேவா குடிச்ச என்று கத்திவிட்டேன். அவள் நிதானமாக, கல்யாணமாகி இம்புட்டு வருசத்துல எனக்குன்னு நீங்க ஒரு பொருளைத் தூக்கியாந்தது கெடையாது, தெனமும் வேர்க்க விறுவிறுக்க வந்து நீட்டுறீக, வேண்டாம்னு எப்படிச் சொல்லுவேன் என்றாள். நான் கொல்லைப்பக்கம் போய் நின்று அழுதேன் தாயி. மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லாதே.

நேற்றுப் பார்த்த ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கிவிட்டது. இப்போது சாயங்காலம் ஒரு முழம் பிச்சிப்பூ வாங்கிப் போகிறேன். இதைத் தலையில வைக்கணுமா, அரைச்சுக் குடிக்கணுமா என்கிறாள், வாய்க்கொழுப்புக்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை.

அம்மாவுக்குத்தான் தண்ணீர் அளவு, நீ தாகம் எடுக்கவில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதே. மாரியாத்தா உங்கள் இரண்டு பேரையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும். நம் ஊர்க் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு வரும்போது, அம்மாவுக்கு என்று எது வாங்கினாலும் முதலில் என்னிடம் காட்டு. நீ ஆசையாக நீட்டினால் அவள் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
மு. முத்துக்கருப்பன்