கட்லா ஏரியில்தான் இருந்தது

பாய், நீங்கள் அந்தக் கட்லா மீன்குஞ்சுகளை வேறெங்கும் கொண்டுபோகவில்லை. நம் ஏரியில்தான் விட்டீர்கள். சிங்காரப்பேட்டையில் இருக்கும் உங்கள் மச்சானுடைய பண்ணைக்குட்டையில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டீர்கள் என்று சொல்லி, உங்களைத் தூண்டில் குழுவிலிருந்து விலக்கியது அநியாயம். அதைச் செய்தவர்கள் நாங்கள் பதினொரு பேர். முதலில் கை தூக்கியவன் நான்.

என்னை இதை எழுத வைத்தது ஒரு வாசனை. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரையில் நடந்துபோனபோது மதகுப் பக்கமிருந்து ஊறின கடலைப் புண்ணாக்கு வாசனை வந்தது. கூடவே வறுத்த வெந்தயம். அங்கே நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆள் உட்கார்ந்து மாவு உருட்டிக்கொண்டிருந்தார். பெயர் நிமாய். வங்காளத்துக்காரர், சிப்காட்டில் வெல்டர். அவர் தூண்டிலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. முள்ளில் புழு இல்லை. ஈயக்குண்டு தரையைத் தொடவில்லை. மிதப்புக்கு ஒரு முழம் கீழே மாவு உருண்டை அந்தரத்தில் தொங்கியது.

"புழு வைக்கலையா?" என்றேன்.

"கட்லாவுக்குப் புழு வேணாம், ஐயா."

"இந்த ஏரியில கட்லா கிடையாதுப்பா. நாங்க மூணு வருசமா பாத்துட்டோம்."

"நான் இன்னிக்குப் பாத்தேன். விடிகாலையில மேல வந்து வாயத் தொறக்குது."

நான் நகரவில்லை. ஒரு மனிதர் தோற்பதைப் பார்க்க நின்றேன் என்பதுதான் உண்மை. அரை மணி நேரம் கழித்து அவருடைய மிதப்பு அசைந்தது. அது முழுகவில்லை, பாய். எழும்பித் தண்ணீர்மேல் பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. ஐம்பது வருடம் தூண்டில் பிடித்தவன் நான், மிதப்பு முழுகுவதற்காக மட்டுமே காத்திருந்தவன். அது படுத்தால் மீன் இரையோடு மேலே போகிறது என்று அர்த்தம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் சுண்டி இழுத்தார். வெகுநேரம் மல்லுக்கட்டி அவர் கரையேற்றிய மீனின் தலை, உடம்பில் கால்வாசி இருந்தது. டீக்கடைத் தராசில் ஆறு கிலோவுக்கு மேல் காட்டியது. கட்லா.

கூட்டம் கூடிவிட்டது. நம் குழுத் தலைவர் முனிராஜ் வண்டியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். "யாரோ விட்டிருப்பாங்க" என்றார்.

யாரோ! கட்லா தேங்கின தண்ணீரில் குஞ்சு பொரிக்காது. ஆற்று வெள்ளம் வேண்டும் அதற்கு. இதை எனக்குச் சொன்னதே நீங்கள்தான். அப்போது நம்பாமல் நூலகத்தில் போய்ப் படித்து உறுதிசெய்துகொண்டேன். அப்படியானால் நம் ஏரியில் ஒரு கட்லா இருந்தால், அதை ஒரு ஆள் பையில் கட்டிக் கொண்டுவந்திருக்க வேண்டும். நம் ஏரிக்குக் கட்லாக் குஞ்சு வந்தது ஒரே தடவை. அதற்கு முன்னும் பின்னும் மழை முடிந்து நாம் கிருஷ்ணகிரி அணைக்கட்டு மீன்பண்ணையிலிருந்து வாங்கி விட்டதெல்லாம் ரோகு, ரோகு, ரோகுதான். வலை போடக்கூடாது, தூண்டில் மட்டும், ஞாயிறு மட்டும் என்று நாமே சட்டம் வைத்துக்கொண்டு, நாமே விட்ட மீனை நாமே பிடித்துச் சந்தோஷப்பட்ட ஆட்கள்தானே நாம்.

அந்த வருடம் நமக்குள் வந்த சண்டை உங்களுக்கு நினைவிருக்கும். ஜூஜுவாடியில் உங்கள் தார்ப்பாய்க் கடை. லாரிக்குத் தார்ப்பாய் தைத்துக்கொண்டே பேசினீர்கள். "தண்ணி பச்சையா இருக்கு டர்னரே. இந்தத் தடவ கட்லா விடலாம். பச்சைத் தண்ணியில அது சும்மா வளரும்." நான் ரோகுதான் என்றேன். மற்றவர்கள் உங்கள் பக்கம் சாய்ந்தார்கள். லேத்தில் முப்பத்தைந்து வருடம் நின்று ரிட்டையரானவனுக்கு, தார்ப்பாய் தைக்கிறவர் மீனைப் பற்றிச் சொல்லித் தருவதா என்று கோபம். குஞ்சு வரும் நாளில் கரையில் இருக்கிறேன் என்று சொல்லியிருந்தவன், போகவில்லை. மற்ற பத்துப் பேருக்கும் அன்று ஞாயிறு ஓவர்டைம். நீங்கள் டெம்போ டிரைவரோடு தனியாகப் போனீர்கள், தனியாக விட்டீர்கள். நான் மட்டும் கரைக்கு வந்திருந்தால் உங்களுக்கு ஒரு சாட்சி இருந்திருக்கும்.

ஒரு வருடம் முழுக்க ஒரு கட்லாவும் கடிக்கவில்லை. அப்புறம் டீக்கடையில் அந்தக் கூட்டம்.

"கிருஷ்ணகிரியிலேர்ந்து இங்க வர ஒண்ணரை மணி நேரம். உனக்கு மட்டும் எப்படி பாய் சாயந்தரம் ஆச்சு?" என்று முனிராஜ் கேட்டார்.

"மச்சான் குட்டையில மீனு துள்ளுதாமே. அந்த வழியா சுத்தி வந்திருப்பாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"வெயில்ல குஞ்சு தாங்காதுன்னு நெழல் நெழலா நின்னு வந்தேன்ப்பா" என்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். "நீங்க சொல்லுங்க டர்னரே. கடிக்கலன்னா இல்லைன்னு அர்த்தமா?"

அந்தக் கேள்வியை நான் யோசித்திருக்க வேண்டும். நல்ல கேள்வி அது. நான் சொன்னது இதுதான்: "என் புழுவக் கடிக்காத மீனு இன்னும் பொறக்கல பாய்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே தீர்ப்பு முடிந்துபோனது; அப்புறம் கை தூக்கியதெல்லாம் ஒப்புக்குத்தான். "அது மேல் வாய் டர்னரே. நீங்க தரையில போட்டுட்டு உக்காந்திருக்கீங்க" என்று நீங்கள் சொன்னது சிரிப்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

அதற்கப்புறமும் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தீர்கள். சின்ன டிபன் டப்பாவில் புண்ணாக்கு மாவு. "ஒரே ஒரு தடவ இத வெச்சுப் பாருங்க. எனக்காக வேணாம், தெரிஞ்சுக்கறதுக்காக." நான் டப்பாவை வாங்கி மதில்மேல் வைத்தேன். வைத்த இடத்திலேயே இருந்தது. அடுத்த வீட்டு ஆடு வந்து தின்றுவிட்டுப் போனது. உங்கள் டப்பாவைக் கழுவித் திருப்பித் தரக்கூட நான் வரவில்லை. அடுத்த வருடம் நெஞ்சுவலியில் நீங்கள் போய்விட்டீர்கள். கபர்ஸ்தான் வாசல்வரை வந்தேன். உள்ளே வர முகமில்லை என்று இப்போது சொல்லலாம். அன்று, எனக்கென்ன என்றுதான் நின்றேன்.

நிமாயின் மீனைப் பார்த்த மறுநாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. ஆனால் வருத்தத்தைவிட ஆர்வம்தான் அதிகமாக இருந்தது, உங்களிடம் ஒளிப்பானேன். மீன் மார்க்கெட்டுக்குப் போய் மூன்று தலைகள் வாங்கினேன். கட்லா, ரோகு, மிர்கால். "கொழம்புக்கா தாத்தா?" என்றாள் கடைக்காரப் பெண். "படிக்க" என்றேன். தலைக்கு எதுவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

மூன்றையும் தட்டில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். மிர்காலின் வாய் கீழே சேற்றைப் பார்த்து இருக்கிறது. ரோகுவுக்கு உதட்டில் பாவாடை விளிம்பு போலச் சுருக்கம், முன்னால் இருப்பதை மேய்வதற்கு. கட்லாவுக்குக் கீழ்த்தாடை முன்னால் நீட்டி, வாய் வானத்தைப் பார்க்கிறது. ஒருநாளும் தரையில் கிடக்கிற புழுவை எடுக்க அமைந்த வாய் இல்லை அது. செவுளை வெட்டிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பாய், உள்ளே ஒரு சீப்பு இருக்கிறது! பேன் சீப்பைவிட நெருக்கம். தண்ணீரை உள்ளே வாங்கி, கண்ணுக்குத் தெரியாத பூச்சியையும் பாசியையும் அதில் வடிகட்டித் தின்கிறது. பச்சைத் தண்ணீரில் சும்மா வளரும் என்று நீங்கள் சொன்னது இதைத்தான். இத்தனை நுட்பமான வேலையை எந்த லேத்திலும் நான் செய்ததில்லை. நீங்கள் இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? யாராவது சொன்னார்களா, என்னைப்போல வெட்டிப் பார்த்தீர்களா? கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் சொல்லியிருப்பீர்கள்.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. அந்த டெம்போ டிரைவரை நாங்கள் யாருமே விசாரிக்கவில்லை. பேரிகை ஊர்க்காரர், பெயர் சீனப்பா. இரண்டு நாள் அலைந்து பிடித்தேன்.

"அந்த பாயா சார்? அய்யோ, மறப்பேனா! வழியில எங்க மரத்தப் பாத்தாலும் நிறுத்துங்கறாரு. எறங்கி ஈரச்சாக்குப் போட்டு மூடறாரு. ஏரிக்கு வந்தாவது வுட்டாரா? பையெல்லாம் கட்டோட தண்ணியில மெதக்க வுட்டுட்டாரு. பையத் தொடறாரு, ஏரியத் தொடறாரு. 'இன்னும் சூடு ஒத்து வரல சீனப்பா'ங்கறாரு. எனக்குப் பசியில கண்ணு இருட்டுது. அப்புறம் ஒவ்வொரு பையா அவுத்து, 'போங்கடா கண்ணுங்களா'ன்னு அனுப்பினாரு."

"இத ஏன் அப்பவே சொல்லல?"

"யார் சார் கேட்டீங்க?"

நீங்கள் ஏன் அவரைக் கூட்டிவரவில்லை, பாய்? ஒரு வார்த்தை போதுமே. பதினைந்து வருடம் கூடவே உட்கார்ந்தவர்களிடம் சாட்சி வைத்துப் பேசும் நிலை வந்ததே போதும் என்று விட்டுவிட்டீர்களா? இதற்கு எந்த மீனை வெட்டினாலும் விடை கிடைக்காது.

ஆக, செய்ய வேண்டியவை இருக்கின்றன. குழுவின் நோட்டில் உங்கள் பெயருக்கு நேரே, குஞ்சுகளை மச்சான் குட்டையில் கொட்டியவர் என்று எழுதிய வரியை முனிராஜ் கிழிக்கக் கூடாது. அது இருக்கட்டும். அதன் கீழேயே, பொய் என்று அவர் கையாலேயே எழுத வேண்டும். டீக்கடையில் எந்தக் குரலில் உங்களைக் கேட்டாரோ அதே குரலில், அதே இடத்தில், உண்மையையும் சொல்ல வேண்டும். மச்சான் குட்டை என்று பேச்சைக் கிளப்பியவர் யாரென்று எனக்குத் தெரியும். அவர் சிங்காரப்பேட்டைக்குப் பஸ் ஏறி, உங்கள் மச்சானைப் பார்த்துவிட்டு வர வேண்டும். சீனப்பாவை அடுத்த கூட்டத்துக்கு அழைத்து, சாப்பாடு போட்டு, முதலிலிருந்து சொல்லச் சொல்லிப் பதினொரு பேரும் கேட்க வேண்டும். மழை முடிந்து அடுத்த குஞ்சு வரும்போது இரண்டு பேராவது கூடப் போக வேண்டும். பைகளை எவ்வளவு நேரம் மிதக்க விட வேண்டும் என்பதைச் சீனப்பாவும், மாவு உருண்டையை எங்கே தொங்கவிட வேண்டும் என்பதை நிமாயும் எல்லாருக்கும் காட்டித்தர வேண்டும்.

உங்கள் வீட்டுக்குப் போக வேண்டியது நான். முனிராஜோடு அல்ல, அவருக்கு முன்னால், தனியாக. உங்கள் மனைவியிடம், முதல் கை என்னுடையது என்று சொல்ல வேண்டும். அவர் கதவைச் சாத்தினால் மறுநாள் போக வேண்டும். அன்றும் சாத்தினால் அதற்கு மறுநாள். என்னிடம் மிச்சமிருப்பது இந்தப் பிடிவாதம் ஒன்றுதான். உங்களைத் தோற்கடிக்க அதை உபயோகித்தேன். இனி அதற்கு இதைத் தவிர வேறு வேலை இல்லை.