குமரேசனின் கடைசிப் பாட்டு

கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை

கத்திப் பாடும் எங்கள் பங்க் ராக் இசைக்குழுவின் கடைசி ஆல்பத்தை இன்று மாலை இணையத்தில் வெளியிட்டேன். எட்டு வருடம் கத்தியும் சொந்த ஊரான பள்ளிபாளையத்திலேயே எங்களைப் பலருக்குத் தெரியாது. பாடகன் குமரேசனுக்கு நாளை தொண்டையில் ஆபரேஷன். இனிக் கத்தவே முடியாதாம்.

கடைசிப் பாட்டின் நடுவில் அவன் குரல் உடைந்து வெறும் காற்றுதான் வந்தது. அவனிடம் சொல்லாமல் அந்த இடத்தில் அவன் முன்பு பாடிய பழைய பதிவொன்றை ஒட்டிவிட்டேன். அவன் மானத்தைக் காப்பாற்றுவதாக எனக்கு நினைப்பு.

ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டான். பேசவே கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தும் பேசினான்.

“மாப்ள, அது என்ற இப்பத்த தொண்டை இல்லையே.”

“நல்லா இருக்கட்டும்னுதான்டா பண்ணுனேன்.”

“நல்லா இருக்கோணும்னு நாம எப்படா பாடுனோம்?”

அதற்குமேல் இருமல்தான் கேட்டது. அவன் மனைவி போனை வாங்கினாள். “அழுவறாருங்கண்ணா. மாத்தி உட்டுருங்க.”

ஆல்பத்தை எடுத்துவிட்டு, உடைந்த குரலோடு மறுபடியும் ஏற்றினேன். பத்து மணிக்கு அவள் செய்தி வந்தது: “மூணு தடவ கேட்டாருங்க. இப்பத் தூங்கறாரு.”

காலை ஆறு மணிக்கு நான் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ஹெட்போன் காதில்தான் இருக்கிறது. அவன் குரல் உடையும் இடம் வருவதற்குள் ஒவ்வொரு தடவையும் பாட்டை நிறுத்திவிடுகிறேன்.