ஏழு வாரம் நான் சொல்லாமல் வைத்திருந்தது

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். பெரியவன் அரைப் பரீட்சை முடித்துவிட்டான். பேச்சு முன்பைவிடத் தேவலை. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறான். சித்தி எப்போ வருவாங்க என்று வாரம் ஒருமுறையாவது கேட்கிறான்.

பாப்பாவைக் காப்பகத்தில் விடப்போவதாகவும், அங்கே என்னவெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். நான் அதே வேலையில் இருப்பவள், உடனே பதில் போட்டிருக்க வேண்டும். ஒரு மாதம் போடவில்லை. நடந்ததைச் சொல்லாமல் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாட்ச்சம்மாவை நினைவிருக்கிறதா? முன்பு நான் மூணாவது லைனில் தைத்துக்கொண்டிருந்த தையல் கம்பெனியில் என் சூப்பர்வைசர். கழிவறை வாசலில் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பாளே, அவள்தான். பெரியவனுக்கு ஒன்றரை வயதில் வலிப்பு வந்த அன்று காப்பகத்திலிருந்து மூன்று தடவை போன் செய்திருக்கிறார்கள். எடுத்தவள் அவள். நான் வருவேன் வருவேன் என்று காத்திருந்து, கடைசியில் அவர்களே பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்து நான் குல்லாயைக் கழற்றும்போதுதான் அவள் வந்து சொன்னாள். "வேலை நேரத்துல உங்கள தொந்தரவு பண்ண வேணாம்னு நெனச்சேன்" என்றாள். அவன் பேச்சு இப்படி ஆனதற்கு அந்தத் தாமதம்தான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அவள் இந்த வருஷம் எங்கள் காப்பகத்தில் என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் இரண்டு வயது மகள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால், நானூறு பேர் குல்லாயும் முகத்துணியுமாகக் குனிந்திருந்த இடத்தில் என் முகத்தை அவள் எங்கே பார்த்தாள்? "நல்லாப் பாத்துக்கங்க டீச்சர்" என்று என் கையைப் பிடித்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சிரித்துக்கொண்டே பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பிள்ளைக்கு முன்பல் இரண்டும் துருத்திக்கொண்டிருக்கும், முயல்குட்டி என்றுதான் கூப்பிடுவேன். நான் பாடினால் மடியில் ஏறி உள்ளங்கையை என் தொண்டையில் வைத்துக்கொள்வாள். முதலில் கொஞ்சல் என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் தட்டு கைதவறி விழுந்தது. மற்ற பதினோரு பிள்ளைகளும் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பின. இவள் மட்டும் தலை நிமிராமல் மணி கோத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் வேண்டுமென்றே இன்னொரு தட்டைப் போட்டேன். அப்போதும் அப்படியே.

இப்படி ஒன்று கண்ணில் பட்டால் அன்றே பெரிய டீச்சரிடம் சொல்லி, தாயை உட்காரவைத்துப் பேச வேண்டும் என்பது எங்கள் பயிற்சியில் முதல் பாடம். நான் பேசவில்லை. உன் பிள்ளைக்கு என்ன என்று உனக்கும் ஒருநாள் தெரியாமல் போனால் எப்படி இருக்கும் பார் என்று அவளை நினைத்து மனசுக்குள் கருவிக்கொண்டேன். ஒருநாள் இரண்டு நாளாகி, வாரங்களாகிவிட்டது.

எங்களுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு நோட்டு போய்வரும். அதில் தினமும் "நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள்" என்று எழுதினேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை பார். அவள் பதிலுக்கு எழுதுவாள்: "கூப்பிட்டால் திரும்புவதே இல்லை, ரொம்பத் திமிர், நீங்களும் கண்டித்து வையுங்கள்." அதைப் படித்து நான் சிரித்தேன், தங்கச்சி. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, சிரித்தேன்.

ஒன்பதாவது வாரம் முயல்குட்டிக்குச் சட்டை மாற்றும்போது மேல்கையில் இரண்டு இடத்தில் கிள்ளிய தடம். நகம் பதிந்து கன்றிப் போயிருந்தது. நான் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டு, என் வாயையே பார்த்தாள். நான் என்ன சொல்கிறேன் என்று கண்ணால் பிடிக்கப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் வாட்ச்சம்மாவை உள்ளே அழைத்துச் சின்ன நாற்காலியில் உட்காரவைத்தேன். "பாப்பாவுக்குத் திமிர் இல்லம்மா, காது கேக்கல" என்றேன். எப்போதிருந்து தெரியும் என்று கேட்டாள். ஏழு வாரமாக என்றேன். ஏன் சொல்லவில்லை என்று கத்தினாள். "வேலை நேரத்துல உங்கள தொந்தரவு பண்ண வேணாம்னு நெனச்சேன்" என்றேன்.

அப்போதுதான் என் முகத்தை முழுசாகப் பார்த்தாள். "நீங்க மூணாவது லைன்" என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. எட்டு வருஷம் நான் ஏங்கிக் கிடந்த முகம் அது. பொய் சொல்ல மாட்டேன், இனித்தது. அவள் மகளின் சட்டைக்கையை மேலே தூக்கி, அந்தத் தடத்தின்மேல் தன் கட்டைவிரலை வைத்துப் பார்க்கும்வரை இனித்தது.

இரண்டு காதுக்கும் மிஷின் வைத்திருக்கிறார்கள். பேச்சு வர வேண்டிய வயதில் ஒவ்வொரு வாரமும் பெரிசு என்றாராம் டாக்டர். பெரிய டீச்சரிடம் புகார் போகும், வேலை போகும் என்று நான் தயாராகத்தான் இருந்தேன். அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. காலையில் வந்து பிள்ளையை என் கையிலேயே கொடுக்கிறாள். நோட்டில் டாக்டர் சொன்னதையெல்லாம் எழுதுகிறாள்: முகத்துக்கு நேரே பேசவும், மிஷினில் தண்ணீர் படாமல் பார்க்கவும். மன்னிப்பு என்ற சொல்லை அவள் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. அவளை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வாசலில் அவள் செருப்புச் சத்தம் கேட்டால் இன்றும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

நேற்று நான் பாடும்போது முயல்குட்டி தொண்டையில் கை வைக்கவில்லை. தள்ளி உட்கார்ந்தே கேட்டாள். எனக்கு மேற்கொண்டு பாட வரவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். பாப்பாவை விடும் இடத்தில் எதையும் ஒளிக்காதே, தினமும் நேரில் கேள், அங்கே இருப்பவளின் முகத்தைப் பார்த்துப் பேசு. குழந்தை நன்றாக இருக்கட்டும், அவளைத் தூக்குகிற கைகளும் நல்ல கைகளாக அமையட்டும். பெரிய டீச்சரிடம் நானே போய்ச் சொல்லிவிடுவதா என்று தினமும் அவர் அறை வாசல்வரை போய்த் திரும்புகிறேன். நீ ஒரு வரி போடு. திட்டி எழுது, என்ன வேண்டுமானாலும் எழுது. நான் செய்தது சரிதான் என்று மட்டும் எழுதிவிடாதே, உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா