காப்பீடு எட்டாத வீடு

இன்று காலை பாகூரில் ஒரு லேப்பில் என் கையில் ஸ்பிரிட் தடவினார்கள். அந்த வாசனையோடு நீ வந்துவிட்டாய். ரத்தம் எடுத்த பெண் என் போன் நம்பரைக் கேட்டாள், ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு. வேண்டாம், நேரில் வந்தே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் உன்னைப் பற்றித்தான் சொல்லியிருப்பேன்.

வில்லியனூரில் நாம் இருவரும் லேப் வைத்தபோது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் தகவல் திருடுபோனாலும் அதற்கு இன்சூரன்ஸ் உண்டு என்று கேள்விப்பட்டு நான் சிரித்தேன். நீதான் பிடிவாதமாகப் போட்டாய். "ஊரு ஜனங்க உடம்பே இதுக்குள்ளதான் கீதுடி" என்றாய்.

ஒரு திங்கட்கிழமை கம்ப்யூட்டரைத் திறந்தால் எல்லாம் பூட்டிக் கிடந்தது. பணம் கேட்டு ஒரு மிரட்டல் மட்டும் திரையில் நின்றது. நீ இன்சூரன்ஸ்காரர்களுக்கு போன் செய்தாய். அவர்கள் சொன்ன சொல் தவறவில்லை. ஆள் அனுப்பினார்கள், பழைய பதிவுகளை மீட்டார்கள், செலவையும் ஏற்றுக்கொண்டார்கள். லேப்பை மறுபடி திறந்த அன்று நீ எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தாய். தப்பித்துவிட்டோம் என்றே இருவரும் நினைத்தோம்.

பணம் கிடைக்காத திருடர்கள் நம் நோயாளிகளின் ரிப்போர்ட்டுகளை இணையத்தில் கொட்டிவிட்டது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. யாரோ அதிலிருந்து ஒன்றை எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். ஒதியம்பட்டுக்காரர் ஒருவரின் விந்துப் பரிசோதனை ரிப்போர்ட் அது. பேர், வயது, முடிவு, கீழே உன் கையெழுத்து. டீக்கடையில் அதைச் சத்தமாகப் படித்துச் சிரித்தார்களாம். அன்று சாயங்காலமே அவர் ஊரை விட்டுப் போய்விட்டார்.

அவர் மனைவி நம் லேப்புக்கு வந்தாள். வந்து அழவில்லை, கத்தவில்லை. ரத்தம் எடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்து உன்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"கொற அவருகிட்டன்னு எனக்கு மொதல்லயே தெரியும்க்கா. அவருக்குத் தலகுனிவு வரக்கூடாதுன்னு நாந்தான் மலடின்னு பேரு வாங்கிக்கினு இருந்தேன். மாமியா பேசனா, தெருவுல பேசனாங்க, எல்லாத்தையும் தாங்கிக்கினேன். இப்ப அதுவும் வீணாப் போச்சே."

நீ எழுந்து நின்றாய், மறுபடி உட்கார்ந்தாய். அவள் போன பிறகு இன்சூரன்ஸ் அதிகாரிக்கு போன் போட்டாய். அவர் மரியாதையாகத்தான் பேசினார். அந்தக் குடும்பம் கேஸ் போட்டால் வக்கீல் செலவைப் பார்த்துக்கொள்வதாகவும், நஷ்டஈடு கேட்டால் அதையும் பரிசீலிப்பதாகவும் சொன்னார்.

"அவங்க கேஸு போட மாட்டாங்க சார்" என்றாய். "அந்த மனுசன் வூட்டுக்குத் திரும்பி வரணும். அதுக்கு இன்னா பண்ணுவீங்க?"

லைன் கட்டாகிவிட்டதோ என்று நீ போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாய்.

அதன் பிறகு நம்மிடம் யாரும் வரவில்லை. கம்ப்யூட்டர்கள் புதிதுபோல ஓடிக்கொண்டிருந்தன, வாசலில்தான் ஆளில்லை. லேப்பை மூடினோம். எனக்கு பாகூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் கொடுக்கும் இடத்தில் வேலை கிடைத்தது. நீ எங்கும் சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் எடுக்க மாட்டாய், மறுநாள் கேட்டால் கோயிலுக்குப் போனேன் என்பாய். உனக்கு ஏது இவ்வளவு பக்தி என்று நினைத்துக்கொள்வேன்.

போன தை மாதம் நீ தூக்கத்திலேயே போய்விட்டாய். அந்தச் செய்தியையே நம்ப முடியாமல்தான் உன் வீட்டுக்கு வந்தேன். அங்கே உன் கால்மாட்டில் அந்த ஒதியம்பட்டுப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் கணவர் நின்றிருந்தார்.

"அக்காதான் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம தேடிப் போயி, திருப்பூர்ல இவர கண்டுபுடிச்சிக் கூட்டியாந்தாங்க. ஒங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

தெரியாது. கூடவே இருந்த எனக்குத் தெரியாது. அப்படி என்ன சொல்லி நீ அவரை அழைத்து வந்தாய் என்று அவளிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. கணவர் இதுவரை சொன்னதில்லையாம். நான் அவரைப் பார்த்தேன். அவர் தலை குனியவில்லை, நேராக உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது யாருக்காவது ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போது, அவர்கள் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன். முகம் வாடினால் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றும். நீ அவரிடம் என்ன சொன்னாய் என்று தெரிந்தால் அதையே சொல்லிவிடுவேன்.