ஆளில்லாத சீட்டு

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? என் பாப்பா உங்களிடம் அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளா? நான் சௌக்கியம்.

ஞாயிற்றுக்கிழமை என் ஓட்டைக் காரைப் பந்தயத்தில் விட்டேன். பதறாதீர்கள், நேரான ஓடுதளம், எதிரே வண்டி வராது, ஹெல்மெட்டும் போட்டிருந்தேன். சின்ன எஞ்சின் கார்களுக்கு மட்டுமான போட்டி. எஞ்சினில் கை வைக்கக் கூடாது, எடையைக் குறைக்கலாம். ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாவற்றையும் இறக்கினேன்.

பாப்பா வருவாளென்று வாங்கிப் பின்னால் மாட்டியிருந்த குழந்தை சீட்டை மெக்கானிக் பார்த்துவிட்டார்.

"ஆளே இல்லாத சீட்டை எதுக்கும்மா சுமக்கிறீங்க?"

"ஆள் அடுத்த மாசம் வருதுண்ணே."

"வரட்டும். இன்னைக்கு ஒரு நாள் இறக்கி வைங்க, பாப்பா கோச்சுக்காது."

மனசில்லாமல்தான் கழற்றினேன். ஜெயித்துவிட்டேன், அத்தை! பக்கத்தில் ஓட்டியவர் என் வண்டியைப் பார்த்துச் சிரித்தவர். கடைசியில் அதன் பின்பக்கத்தைத்தான் பார்த்தார்.

கோப்பை வாங்கப் போகும் முன்பே சீட்டைத் திரும்ப மாட்டிவிட்டேன். ஸ்டெப்னி இன்னும் அறையில்தான் கிடக்கிறது.

நீங்கள் இருவரும் வருவதற்குள் சீட்டின் வாரைச் சரிசெய்ய வேண்டும். ஸ்டெப்னி எத்தனை கிலோ, ஜாக்கி எத்தனை கிலோ என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பாப்பாவின் எடைதான் தெரியவில்லை. நிறுத்துப் பார்த்து உடனே எழுதுங்கள்.

கண் சொக்குகிறது, முடிக்கிறேன்.

உங்கள் மருமகள்

தோள்வரை உயரமும் வேண்டும், அத்தை. செருப்பைக் கழற்றிவிட்டு அளந்து எழுதுங்கள்.