கத்தரிக்கோல் வேண்டாத ஞாயிற்றுக்கிழமைகள்

கருப்புக் கரை போட்ட கார்டு காலைத் தபாலில் வந்தது. உன் காரியத்துக்கு உன் மகன் பம்பாயிலிருந்து அச்சடித்து அனுப்பியிருக்கிறான். வாசற்படியில் நின்று படித்தேன். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "சாவுக் கடுதாசியா? உள்ள கொண்டு வராத. படிச்சதும் கிழிச்சு வெளியில போட்டுட்டு, கையக் காலக் கழுவிட்டு வா."

கிழிக்க வேண்டுமாம். அதுவும் உன் பெயர் போட்ட காகிதத்தை. கிழிப்பதைப் பற்றி நம் இருவருக்கும் இந்த ஊரில் யாரடி சொல்லித்தர வேண்டும்?

எழுபதுகளின் கடைசியில் நம் ஆபீசுக்கு ஒரு ஜப்பான் காலண்டர் வந்ததே, மெஷின் கம்பெனிக்காரன் அனுப்பியது. நடிகை படம் போட்ட காலண்டரை மானேஜர் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு, மலைப்படம் போட்ட இதை நம் பக்கம் தள்ளிவிட்டார். பனிமலையும் சிவப்புப் பழம் தொங்கும் மரமும். வரைந்தது என்றுதான் நினைத்தோம். அடியில் பொடி எழுத்தில் இருந்ததை நீதான் படித்தாய். தூரிகை இல்லை, கத்தரிக்கோல் இல்லை. காகிதத்தைக் கையால் கிழித்து ஒட்டிய படம், பெயர் சிகிரி-எ.

"கிழிக்கிறதுக்கு ஒரு பேரா? அப்படிப் பார்த்தா நம்ம ஆபீஸ்ல எல்லாருமே வித்வான்தான்டி" என்றேன். நீ சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே பெரியகடை வீதியில் கலர் டிஷ்யூ பேப்பர் வாங்கிவிட்டாய்.

ஸ்ரீரங்கத்தில் உன் வீட்டில் அது நடக்கவில்லை. "சரஸ்வதியைக் கிழிச்சுண்டு உக்காந்திருக்கேளே, ரெண்டு பேரும்!" என்று உன் மாமியார் துண்டுகளைப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதனால் ஞாயிறுதோறும் பஸ் ஏறி மன்னார்புரத்தில் என் வீட்டுக்கு வந்தாய். கிழிக்கும் முன் நீயும் ஒவ்வொரு தாளையும் கண்ணில் ஒற்றிக்கொள்வாய். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அப்படி இருந்துவிட்டு மறுநாள் ஆபீஸ் முழுக்கச் சொன்னேன், அது வேறு விஷயம்.

ஈர விரலால் கோடு இழுத்து, அந்தக் கோட்டில் தாளை மெல்லப் பிரிப்பாய். ஓரத்தில் பஞ்சு போல நார் எழும்பும். நீ ஒட்டும் காவிரிப் படத்தில் அதுதான் நுரை. நான் பிரித்தால் டர்ரென்று பாதித் தாள் போய்விடும். "சண்டைக்காரி மாதிரி இழுக்காதடி. தூங்கற குழந்தை கையிலேர்ந்து பொம்மையை எடுக்கற மாதிரி எடு" என்பாய். நான் பாடுபட்டு ஒட்டிய மலைக்கோட்டையைப் பார்த்து என் வீட்டுக்காரர், "தயிர்வடை நல்லா வந்திருக்கு" என்றார். நீ சிரித்த சிரிப்பில் உன் காவிரியே பாதி பறந்துவிட்டது.

மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்தால்தான் பூச்சி வராது. நீ கலந்திருப்பாய் என்று நானும், நான் கலந்திருப்பேன் என்று நீயும் இருந்துவிட்டோம். மழைக்காலம் முடிந்து படங்களைப் போட்டுவைத்த பெட்டியைத் திறந்தால், கரப்பான்பூச்சிகள் பந்தி முடித்துப் போயிருந்தன. உன் படங்களில் ஒன்றும் மிச்சமில்லை. என் மலைக்கோட்டை மட்டும் முழுசாக இருந்தது.

"பாரேன், அதுகளுக்கும் தயிர்வடை பிடிக்கலை" என்றாய். பிறகு பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, "போனாப் போறது. ரிடையர் ஆனதும் பெரிசா ஒண்ணு பண்ணுவோம். ஆடி மாசத்துக் காவிரி, அந்தக் கரையிலேர்ந்து இந்தக் கரை வரைக்கும்" என்றாய்.

அடுத்த வருஷமே உன் வீட்டுக்காரருக்குப் பம்பாய் மாற்றல். அப்புறம் நாம் கடிதம் போட்டுக்கொண்ட லட்சணமும் மயில்துத்தம் கலந்த கதைதான். நீ போடுவாய் என்று நான், நான் போடுவேன் என்று நீ. அதனால் உன் பெயர் உள்ள காகிதம் என்று என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

"கிழிச்சாச்சா?" மறுபடியும் உள்ளேயிருந்து குரல்.

"கிழிச்சுக்கிட்டுத்தாங்க இருக்கேன்."

பொய்யில்லை. விரலை நனைக்கத் தண்ணீர் தேட வேண்டியிருக்கவில்லை. முதலில் கருப்புக் கரை போயிற்று. தேதி, விலாசம், காரியம் நடக்கும் இடம் எல்லாம் வாசலோடு போயின. உன் பெயரைச் சுற்றி மட்டும் அவசரமில்லாமல் பிரித்தேன். அது என் உள்ளங்கைக்குள் ஒளிந்துகொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டது.